பேசாலைக் கரையில ஒரு தொடர்மாடி

கட்டி முடியாத வீட்டை விக்கிற தொழில் எதிரிக்கும் வரக்கூடாது. சீலை விக்கிறவனுக்கு விரிச்சுக் காட்டச் சீலை இருக்கு. மீன் விக்கிறவளுக்குச் செவுளைத் தூக்கிக் காட்ட மீன் இருக்கு. என்னட்டை இருந்தது ஒரு காயிதம், அதில கொஞ்சம் கோடு.

ஆமியும் இயக்கமும் சண்டையை நிப்பாட்டி, சமாதானம் எண்டு பேர் வைச்ச அந்தக் கொஞ்சக் காலத்தில, கொழும்புக்குப் பக்கத்தில வத்தளையில எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொடர்மாடிக்கு மன்னாரில ஆள் பிடிக்கிறதுதான் என்ர வேலை. பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட, ஒரு போட்டோக் கொப்பிக் கடையின்ர பின்னறைதான் என்ர கந்தோர். ஒரு மேசை, மூண்டு கதிரை, சுவர் முழுக்கக் கலர் படம். கொழும்பிலயிருந்து மனேச்சர் டெலிபோன் எடுத்து, "நீச்சல் தடாகம் இருக்கெண்டு முதலில சொல்லுங்கோ மிஸ்" எண்டுவார். நானும் சொல்லுவன். சனம் அதைக் காதில போடாமல், "இந்த விலாசம் பொலிஸ் பதிவுக்குக் காணுமோ?" எண்டு கேக்கும். கொழும்பில தங்கிற தமிழ்ச்சனம் பொலிசில விலாசம் பதியவேணுமே.

மேசைக்குப் பின்னால இருந்து எதையாவது வித்துச் சீவிச்ச ஆள் எண்டால், வாங்கோ, இப்பிடிக் கிட்ட இருங்கோ. உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கடல் தெரியிற பக்கம்

பேசாலையிலயிருந்து சூசை அண்ணையும் அவற்ர மனிசி மாகிறட் அக்காவும் வந்தினம். சூசை அண்ணைக்கு ரெண்டு படகு, ஒரு மகள், ஒரு பிடிவாதம். மகள் ஜசிந்தாவுக்குக் கனடாவில மாப்பிள்ளை பேசியாச்சு. சீதனமாக் கொழும்புப் பக்கம் ஒரு வீடு வேணும் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டிருந்தினம். ஒரு படகையும் பனங்காணியையும் வித்தால் வீடு வரும். வீடு சரிவந்தால்தான் கலியாணத்துக்குத் திகதி. அந்தப் பிள்ளையின்ர கலியாணம் அண்டைக்கு என்ர மேசையில, காயிதத்துக்கு மேல, கிடந்தது.

நான் விலையைத் தொடங்கினன். மேல போகப் போக விலை கூட, ரோட்டுப் பக்கம் குறைய, கடல் தெரியிற பக்கம் எல்லாத்தையும் விடக் கூட. மாகிறட் அக்கா நான் ஏதோ மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சு, "கடல் தெரியிறதுக்கு நீங்கள் குறைப்பியளோ, நாங்கள் குடுக்கவோ?" எண்டு கேட்டா. நீங்கள்தான் அக்கா குடுக்கவேணும் எண்டன். அவ புருசனை ஒருக்காத் திரும்பிப் பாத்தா. பேந்து என்னைப் பாத்துச் சொன்னா:

"பிள்ளை, கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நான் கடலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன், இந்த மனிசன் வருமோ வராதோ எண்டு. காசு குடுத்து அதையே திரும்பச் செய்யச் சொல்லுறீரோ?"

மூண்டு அறையோ, நீட்டு ஹோலோ

ரோட்டுப் பக்கம் எண்டு முடிவாச்சு. அங்கை ஒரே விலையில ரெண்டு விதமான வீடு இருந்தது. ஒண்டில மூண்டு அறை. ஆனால் ஹோலுக்கை நாலு கதிரை போட்டால் அஞ்சாவது ஆள் பல்கனியில நிக்கவேணும். மற்றதில ரெண்டே ரெண்டு அறை. ஹோல் மட்டும் நீட்டுக்கு, கோயில் மண்டபம் மாதிரி. இந்த ரெண்டாவது வீட்டை நான் ஒருத்தருக்கும் வித்ததில்லை. மனேச்சரே அதைக் கடைசியாத்தான் காட்டச் சொல்லுவார். சூசை அண்ணை ரெண்டு காயிதத்தையும் பாத்தார், திருப்பிப் பாத்தார், தலைகீழாப் பிடிச்சும் பாத்தார். "எனக்கு ஹோல்" எண்டார். ஏன் அண்ணை எண்டு கேட்டன். "அறையெண்டால் கதவு இருக்கும்" எண்டார். எனக்கு விசர் பிடிச்சுது. கதவு இருக்கிறதை ஒரு குறையெண்டு சொன்ன ஆளை நான் அதுக்கு முன்னம் காணேல்லை.

மாப்பிள்ளையின்ர அக்கா டெய்சி வத்தளையிலயே இருக்கிறா. தம்பியின்ர கலியாணப் பேச்சு முழுக்க அவவின்ர கையிலதான். விசயத்தை ஆரோ சொல்லியிருக்கினம், என்ர டெலிபோன் அடிச்சுது. ரெண்டு அறை வீடெண்டால் ஊர் என்ன சொல்லும், தம்பி லீவில வரேக்க ஆர் எங்கை தங்கிறது, தன்ர மாமியார் என்ன நினைப்பா எண்டு எல்லாத்துக்கும் நான்தான் மறுமொழி சொல்லவேண்டியிருந்தது. எதிர்க்கதிரையில சூசை அண்ணை தனக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரி மின்விசிறியைப் பாத்துக்கொண்டிருந்தார். கடைசியா டெய்சி சொன்னதை, என்ன சொன்னா எண்டு அவர் கேட்டபடியால், அச்சொட்டா அப்பிடியே சொன்னனான்:

"ஹோலைக் கட்டிக்கொண்டு ஒருத்தரும் கனடாவுக்குப் போறேல்லை. மூண்டு அறை இல்லையெண்டால், நாங்கள் தம்பிக்கு வேற இடம் பாப்பம்."

மேல்வீட்டுக்காரற்ர கக்கூஸ்

இதுக்கு நடுவில வெள்ளாங்குளத்திலயிருந்து நெல்லு விளைவிக்கிற ஒரு கமக்காரர் வந்தார். ஆமி, இயக்கம் எண்டு ரெண்டு பக்கச் சென்றியிலயும் சோதினைக்கு இறங்கி ஏறி, வேட்டி மடிப்புக் குலையாமல் வந்து இருந்தார். விலை கேக்கேல்லை. "சாமியறை எது?" எண்டு கேட்டார். ஒரு மூலையைக் காட்டினன். "இதுக்கு நேர மேல, மேல்வீட்டில என்ன வரும்?" எண்டார். மாடிக்கு மாடி ஒரே மாதிரியில்லை ஐயா, அந்த மூலையில சில வீட்டில கக்கூஸ் வரும் எண்டன். பொய் சொல்லியிருக்கலாம். அண்டைக்கு எனக்குப் பொய் வாயில வரேல்லை.

அவர் காயிதத்தை மெல்லத் தள்ளி வைச்சார். அப்ப உச்சி மாடி எடுங்கோ, மேல ஒருத்தருமில்லை எண்டன். மனிசன் சந்தோசப்பட்டுக் கையொப்பம் வைக்கப் பேனையையும் எடுத்திட்டார். பேந்து பேனை அந்தரத்தில நிண்டுது. தன்ர கக்கூசுக்குக் கீழ ஆற்ர சாமி இருக்கும் எண்டு கேட்டார். எனக்கெப்பிடித் தெரியும்? தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பினார், வாசல்ல நிண்டு சொன்னார்:

"எனக்கு மேல ஒருத்தன் இருக்கவும் கூடாது, எனக்குக் கீழ ஒருத்தன் கும்பிடவும் கூடாது. அப்பிடி ஒரு மாடி கட்டினால் சொல்லியனுப்புங்கோ பிள்ளை."

ஹாஜியார்ர கணக்கு

சூசை அண்ணை திரும்பத் திரும்ப வந்து அதே காயிதத்தைப் பாத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் அப்பிடி இருக்கேக்க, சிலாவத்துறை ஹாஜியார் ஒருத்தர் உள்ளுக்கு வந்தார். முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரை விட்டு எழுப்பின காலத்திலயிருந்து குடும்பம் புத்தளத்தில. பாதை திறந்ததால தன்ர காணியைப் பாத்திட்டுப் போற வழி. மகளுக்கு ஒரு வீடு பாக்கிறார். காணி எப்பிடி இருக்கு ஐயா எண்டு கேட்டன், கேட்டிருக்கக் கூடாது. "காடு இருக்கு" எண்டார். எனக்கு முகம் குனிஞ்சுபோச்சு. விலை எழுதின காயிதத்தை மடிச்சு வைச்சிட்டன்.

ஆனால் அவர் மூண்டு அறைக் காயிதத்தையும் நீட்டு ஹோல் காயிதத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்து, தானாகவே கதைக்கத் தொடங்கினார். புத்தளத்தில இறங்கின அண்டைக்குப் பிள்ளைகுட்டியோட மழையில நிண்ட கதை. சூசை அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போயிட்டார். தாங்களும் சண்டை நேரம் மடுக் கோயிலடிக்கு ஓடி, மரத்துக்குக் கீழ கிடந்த கதையை அவர் சொன்னார். ரெண்டு பேரும் மாறி மாறிக் கதைச்சினம். என்ர கந்தோரில அண்டைக்கு வீடு ஒண்டும் விக்கேல்லை. போகேக்க ஹாஜியார் சூசை அண்ணையின்ர தோளில கை வைச்சுச் சொன்னார்:

"பல அறை வச்சிருந்தவங்க ஒவ்வொரு கதவாச் சாத்தினாங்க தம்பி. ஒரு ஹோல் வச்சிருந்தவர்தான் பாய் போட்டார், அல்லா அவருக்கு நல்லருள் செய்யட்டும்."

கயிற்று வீடு

அதுக்குப் பிறகு ரெண்டு காயிதத்துக்கும் கொப்பி எடுத்துக்கொண்டு போன சூசை அண்ணை, "மிஸ், வீட்டைக் கட்டிப்போட்டன், வந்து பாருங்கோ" எண்டு சொல்லியனுப்பினார். வத்தளையில அத்திவாரத்துக்கு மேல ரெண்டு தட்டுத்தான் எழும்பியிருந்தது. இதென்ன கூத்து எண்டு பேசாலைக்கு பஸ் ஏறினன்.

கரையில, மீன்வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில, வலைக்கயிற்றாலயும் கம்பாலயும் ரெண்டு வீடும் அடி அடியா அளந்து கட்டியிருந்தது. வலை விரிச்சு அளந்து பழகின கை, கயிறு நேரா இருந்தது. கக்கூசுக்கு ஒரு மீன்பெட்டி. பல்கனிக்கு ஒரு பழைய துடுப்பு. லிஃப்ற் எங்கை அண்ணை எண்டன். "அது வீட்டுக்கை வராதே" எண்டார், சரிதானே. பகிடி என்னெண்டால், ஊர்ச்சனம் ஒண்டும் கயிற்றைத் தாண்டி வரேல்லை. எல்லாரும் வாசலுக்கு விட்ட இடத்தால மட்டும் போய் வந்தினம். ஒரு கிழவர் செருப்பைக் கூடக் கழட்டி வைச்சிட்டுப் போனார்.

பேந்து தொடங்கிச்சுது சோதினை. சூசை அண்ணை தன்ர ஒழுங்கையில ரெண்டு பக்கமும் இருக்கிற வீட்டுச் சனத்தைக் கூப்பிட்டு, முதல் மூண்டு அறை வீட்டுக்கை படுக்க வைச்சார். கால் இடிச்சுது, தலை இடிச்சுது, பாதிப்பேர் வெளியில. பேந்து நீட்டு ஹோலுக்கை ரெண்டு வரிசையாப் படுக்க வைச்சார், தலை சுவர்ப் பக்கம், கால் நடுவில. முழுச்சனமும் அடங்கிச்சுது. "சதுர அடி எண்டு சொல்லுறியள், அது எனக்கு விளங்கேல்லை. எத்தினை பேர் படுக்கலாம் எண்டதுதான் எங்கட ஊரில வீட்டின்ர அளவு" எண்டார். கதவடியில மட்டும் ஒரு இடம் மிஞ்சிச்சுது. "மிஸ், அதில ஒருக்காச் சரியுங்கோ, கணக்குப் பாப்பம்" எண்டார். எனக்கு வந்த கோபம்! இஸ்திரி போட்ட சீலையோட, வீடு விக்க வந்தனான், மண்ணில உருளவோ? ஏலாது எண்டு முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டன். அவர் அந்த இடத்தில ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து வைச்சு, "இது மிஸ்ஸின்ர இடம்" எண்டார். சனம் சிரிச்சுது.

அந்த நேரம் பாத்து, கரையில காவல் நிண்ட நேவிக்காரப் பெடியன் ஒருத்தன் துவக்கோட வந்தான். மண்ணில வரிசையாச் சனம் படுத்திருக்கிறதைக் கண்டால் ஆருக்கும் யோசனை வருந்தானே. சூசை அண்ணை தெரிஞ்ச ஒரே சிங்களச் சொல்லால "கெதர" எண்டார், வீடு எண்டு. அவன் கயிற்றைச் சுத்தி நடந்தான். கக்கூஸ் பெட்டியைப் பாத்தான், அறையைப் பாத்தான், துடுப்பைப் பாத்தான். கட்டின ஆக்களில ஒருத்தருக்கும், வீடு விக்கிற எனக்கும், நினைவு வராத ஒரு அறையைத்தான் அவன் கேட்டான்:

"குஸ்ஸிய கோ?"

குசினி எங்கை எண்டு.

சம்மந்தியம்மா

குசினியும் சேர்த்துக் கயிறு திருத்திக் கட்டி முடிய, டெய்சி வத்தளையிலயிருந்து வந்து இறங்கினா. கூட அவவின்ர தாய் திரேசம்மா, தலைமன்னாரில தனிய இருக்கிற மனிசி. என்னையும் கூப்பிட்டிருந்தினம், அடிபிடி வந்தால் விலக்க. டெய்சி கயிற்றையும் மீன்பெட்டியையும் பாத்து, முகம் கடுகடுத்து, "கலியாணப் பிள்ளைக்கு வீடு பாக்கிறியளோ, அகதி முகாம் கட்டுறியளோ?" எண்டா. மாகிறட் அக்கா அழத் தொடங்கினா. சூசை அண்ணை கடலைப் பாத்தார். ஜசிந்தா கயிற்று வீட்டின்ர ரெண்டாவது அறைக்கை நிண்டு, "அப்பா, அவை கேக்கிற வீட்டையே எடுங்கோவன்" எண்டு மெல்லச் சொன்னாள். எனக்குச் சூசை அண்ணையில பத்திக்கொண்டு வந்தது. ஒரு ஹோலுக்காகப் பெத்த பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கிற மனிசனோ இது!

திரேசம்மா மட்டும் வாசலால உள்ளுக்குப் போனா. ஹோலைச் சுத்திப் பாத்தா. "நான் வந்தால் எங்கை படுக்கிறது?" எண்டு கேட்டா. டெய்சி முந்திக்கொண்டு, "மூண்டு அறையெண்டால் அம்மா, ஒண்டு தம்பியாக்களுக்கு, ஒண்டு நாங்கள் வரேக்க, ஒண்டு சாமானுக்கு" எண்டா. சொல்லி முடியத்தான் தான் சொன்னது என்னெண்டு அவவுக்கே விளங்கிச்சுது போல, நிப்பாட்டிப்போட்டா. சூசை அண்ணை கக்கூஸ் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரோரத்தைக் காட்டி, "இது சம்மந்தியம்மாவுக்கு. வயசான ஆக்கள் எழும்பி நடக்கத் தூரம் கூடாது, சுவரையும் பிடிக்கலாம்" எண்டார். பொய்யில்லை, அந்த இடத்தில முதல் நாளிலயிருந்தே ஒரு தலையணை கிடந்தது. திரேசம்மா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணில படுத்துப் பாத்தா. பேந்து எழும்பி மண்ணைத் தட்டினா.

"டெய்சி, தம்பிக்குச் சொல்லு, ஹோல் வீடு. உங்கட அப்பா செத்ததுக்குப் பிறகு எனக்குப் படுக்க இடம் பாத்து வைச்ச முதல் ஆள் இந்த மனிசன்தான்."

சுவர் திண்ட இடம்

கலியாணம் பேசாலைக் கோயிலில வடிவா நடந்தது. வத்தளையில வீடும் ஒருவழியாக் கட்டி முடிஞ்சுது, நீச்சல் தடாகத்தைத் தவிர. மாப்பிள்ளை கனடாவுக்குத் திரும்ப, விசா வரும்வரைக்கும் ஜசிந்தாவும் தாய்தகப்பனும் வத்தளை வீட்டில இருந்தினம். பேந்து சமாதானத்தின்ர பேரும் போச்சு. செல் குண்டு விழத் தொடங்கிச்சுது, கரையோரச் சனம் மூட்டை கட்டிச்சுது, மனேச்சர் டெலிபோன் எடுக்கிறதை நிப்பாட்டினார். கந்தோரைப் பூட்டி, சுவரில கலர் படத்தை அப்பிடியே விட்டிட்டு, ஒரு உடுப்புப் பாக்கோட நானும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தன். லொட்ஜில இடமில்லை எண்டினம். இருந்த லொட்ஜிலயும் பொலிஸ் பதிவு, அது இது எண்டு பயம். ஊர் முழுக்க வீடு வித்த எனக்குத் தலை சாய்க்க ஒரு விலாசமில்லை. வெக்கத்தை விட்டு வத்தளைக்கு பஸ் ஏறினன்.

மத்தியானம். சோறு திண்டிட்டுச் சனம் சரிஞ்சு கிடந்த நேரம். ஜசிந்தா கதவைத் திறந்தாள். ஹோலுக்கை, செல்லுக்குத் தப்பி ஓடி வந்த பேசாலை ஒழுங்கைச் சனம் அப்பிடியே கிடந்தது: ரெண்டு வரிசை, தலை சுவர்ப் பக்கம், கால் நடுவில. கக்கூஸ் பக்கச் சுவரோரம் திரேசம்மா. அவவுக்குப் பக்கத்தில, நம்பமாட்டியள், அரை நாள் லீவு போட்டிட்டு டெய்சி, தாய்க்குக் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு. கதவடியில ஒரு பாய் விரிச்சபடி வெறுமனே. கதவுக்கு வெளியில, மற்ற வீட்டுச் சனம் நடக்கிற ஓடையில, இன்னொரு பாய். அதில சாரத்தோட சூசை அண்ணை.

என்னைக் கண்டதும் அவர் எழும்பி வாங்கோ எண்டும் சொல்லேல்லை, சண்டைக்குத்தான் வந்தார். "மிஸ், விக்கேக்க நீங்கள் சுவருக்கு மொத்தம், தடிப்பு இருக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையே! நான் கயிற்றாலயெல்லே அளந்தனான். கயிற்றுக்கு ஏது மொத்தம்? உள்ளுக்கு ஒராள் படுக்கிற இடம் குறைஞ்சு போச்சு." அதுதான் அவர் ஓடையில. அப்ப நான் ஓடையில படுக்கிறன் அண்ணை, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ எண்டன். இஸ்திரி போட்ட சீலையோட நிண்டு நான் மாட்டன் எண்ட அந்த இடம், இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் குடுக்காமல் கிடந்திருக்கு. எனக்கு அழுகை வந்திட்டுது, வாய் விட்டே அழுதன். அவருக்கு அதைப் பாக்க ஏலாமல் போச்சு. என்ர பாக்கைப் பறிச்சுக் கதவடிப் பாயில வைச்சுப்போட்டுச் சொன்னார்:

"சுவர் திண்டது என்ர இடம், மிஸ். உங்கட இடத்தில அது கை வைக்கேல்லை."

ஊருக்கெல்லாம் சதுர அடி சொல்லி வீடு வித்த எனக்குக் கடைசியில கிடைச்சது கதவடியில ஒரு பாய் அகலம்; என்ன விலையெண்டாலும் தாறன் எண்டு ஆர் வந்து கேட்டாலும் அதை நான் விக்கிறதாயில்லை.